பாட்டிலில் பழுப்புத் தண்ணீர்

ரெட்டியார்பாளையம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பெண், கையில் பாட்டில் நிறையப் பழுப்புத் தண்ணீர். வீட்டுக் குழாயில் வந்ததாம். சாக்கடை நாற்றம் அடிக்கிறது. புகார் கொடுக்க நாலு நாளாக அலைகிறாள். எனக்கே ஆத்திரம் வருகிறது.

"கண்டிப்பான ஒரே ஆள் கையில எல்லாத்தையும் குடுத்தாதான் சரிப்படும்," என்கிறேன்.

அவள் முறைக்கிறாள். "இப்ப அப்படித்தான சார் இருக்குது? வார்டு எலக்சன் நடந்து எத்தினி வருஷமாச்சு? எல்லாம் ஒரே ஆபீசர் கையிலதான். போனா மீட்டிங்ல இருக்காருன்றாங்க. கவுன்சிலர் இருந்தப்ப இதே மாதிரி தண்ணிய அவர் வீட்டு வாசல்ல ஊத்துனேன். மறுநாளே குழாய மாத்துனாரு. அடுத்த வாட்டியும் என் ஓட்டு வேணுமில்ல?"

பஸ் வருகிறது. படியில் கால் வைத்தவள் திரும்புகிறாள். "உங்க கண்டிப்பான ஆளு வீட்டு வாசல் எங்க இருக்குது, சொல்லுங்க."