பெரிய புடவும் சின்னப் புடவும்

வடகரைக் கல்யாண மண்டபத்தில் நேற்று நடந்த அணைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், மலையைத் துளைத்து எடுத்த சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஈரம் காயாத அந்தக் கல்லின் வாசம் என்னைப் பெரிய புடவுக்குள் கொண்டுபோய் விட்டது.

மலையடியில் இருந்த அந்தக் குகையைப் புடவு என்றுதான் சொல்வோம். வாப்பா சவூதியில் இருந்த வருஷங்களில், கோடை வந்தால் உம்மாவும் தெருப் பெண்களும் பீடித்தட்டோடு அங்கேதான் போவார்கள். வெளியே வெயிலில் காய்ந்து நொறுங்கும் பீடி இலை உள்ளே பதமாகவே இருக்கும், கூரையிலிருந்து நீர் சொட்டும், வவ்வால்கள் கீச்சிடும், பெண்கள் பேசிச் சிரிப்பது சுவரில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வரும், நான் ஈரச் சுவரில் கன்னத்தை வைத்தபடி தூங்கிப்போவேன்.

அந்தக் குகையைச் சுண்ணாம்புக்காக வெட்டியே தீர்த்துவிட்டார்கள். இப்போது அணை கட்டினால், மேலே மிஞ்சியிருக்கும் சின்னப் புடவும் தண்ணீருக்குள் போய்விடும்.

"அங்க வெறும் பாறைதாம்மா, ஆள் யாரும் இல்லையே" என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

உம்மா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"பெரிய புடவ வெட்டும்போது எங்ககிட்ட யாரும் கேக்கல சார். இன்னைக்குக் கேக்கிய. அணை வேண்டாம்னு சொல்லுதோம். எழுதிக்கிடுங்க."

"சரிம்மா, எழுதிக்கிட்டோம்" என்று அவர் மைக்குக்காகக் கை நீட்டினார். உம்மா அதை அவரிடம் கொடுக்காமல், பின்னால் எழுந்து நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.