மச்சாளுடன் பார்த்த லண்டன்

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதத்தில், கதிர் சிகிச்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சனி, ஞாயிறு தவிர்த்துத் தொடர்ந்து பதினைந்து நாட்கள். காலை பத்து மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் கணவர் பார்சல் வான் ஓட்டுகிறார். அவருடைய லீவு முழுவதும் என் அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருந்தது. மகள் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிளேஸ்டோ ஸ்டேஷனில் ஏறினால் ரயில் மாறாமல் போகலாம், தனியாகவே போய் வருவேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை மச்சாள் போன் எடுத்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. வால்தம்ஸ்டோவில் இருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் இடையில் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கில், மாமி என்ற உரிமையோடு ஆலாத்தித் தட்டை ஏந்தத் தயாராகப் பட்டுச் சேலையோடு முன்வரிசையில் நின்றவரைத் தாண்டி, என் அண்ணன் மனைவியை நான் மேடைக்குக் கூப்பிட்டேன். தெரியாமல் செய்ததில்லை. அன்று காலை மச்சாள் சேலை நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னது எனக்குச் சுட்டிருந்தது. அவர் சாப்பிடாமல் மண்டபத்தை விட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

போனில் அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி சொன்னவன். திங்கக்கிழமை எட்டரைக்கு வாறன். நீர் வெளிக்கிட்டு நில்லும்" என்றார்.

வால்தம்ஸ்டோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரயிலிலேயே வந்துவிடலாம். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் பஸ் மாறிச் சுற்றி வர வேண்டும். நேராக அங்கேயே வாருங்கள் என்று நான் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெயினிலை தனிய இருந்து நீர் என்ன யோசிப்பீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

முதல் நாள் ரயிலில் இருவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் என்னை மேசையில் படுக்க வைத்து, மார்பில் பச்சை குத்தியிருந்த சிறு புள்ளிகளை ஒளிக்கோட்டோடு பொருத்திவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியேறினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. பிடித்தேன். விடச் சொன்னாள். விட்டேன். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்தபோது மச்சாள் என் கோட்டை மடியில் வைத்து, அதன் கைகளை மடித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பாலத்தில் திரும்பி நடக்கும்போது ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் போனை என்னிடம் நீட்டியது. மணிக்கூட்டுக் கோபுரம் பின்னால் தெரிய அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். இங்கேயா இருக்கிறீர்கள், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று அந்தத் தாய் கேட்டாள். நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருவரும் கால் நூற்றாண்டாக இந்த நகரத்தில் இருக்கிறோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் பாலத்தடியில் நிறுத்திப் படம் எடுப்பதோடு சரி. எந்தக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லை. வேலை, பிள்ளைகள், கோயில், தமிழ்க் கடை என்று வருடங்கள் போய்விட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு மச்சாள் பாலத்தின் நடுவில் நின்றார். "இப்ப வீட்டை போய் என்ன செய்யப்போறம்? படுத்துக்கிடந்து முகட்டைப் பாக்கிறதே? ஏலுமெண்டால் வாரும், நாங்களும் ஒண்டைப் பாப்பம்."

மெல்ல நடந்து டிரஃபல்கர் சதுக்கத்து ஓவியக் கூடத்துக்குப் போனோம். டிக்கெட் இல்லை, உள்ளே போகலாம் என்று வாசலில் பையைச் சோதித்தவர் சொன்னார். மச்சாள் நம்பாமல் இரண்டாம் முறையும் கேட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சிகிச்சை முடிந்ததும் ஓர் இடம். உடம்பு இடம் கொடுத்த அளவுக்கு ஒரு மணி நேரம், சில நாள் அரை மணி நேரம். கூரையிலிருந்து திமிங்கில எலும்புக்கூடு தொங்கும் அருங்காட்சியக மண்டபத்தில், தரையில் படுத்து அதை வரைந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றோம். இன்னொரு நாள் வேறோர் அருங்காட்சியகத்தில், ஈழத்தின் கிழக்குக் கரையில் கிடைத்ததாம் என்று ஒரு பொன்னிற அம்மனைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தோம். மச்சாள் கும்பிடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவவுக்கு ஆர் தூசி தட்டுறது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பார்க்கிற விதமே வேறு. கூட்டம் மொய்க்கும் படங்களில் அவருக்கு அக்கறை இல்லை. சமையலறைப் படங்களைத் தேடிப் போவார். சட்டிகள் துலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். மீன் குவித்த ஒரு மேசையின் முன் நின்று, இது பிடித்து இரண்டு நாளான மீன், கண்ணைப் பார்த்தால் தெரியும் என்றார். நான் சிரித்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது. மதியம் சதுக்கத்தில் சிங்கச் சிலைகளைப் பார்த்தபடி, அவர் விடியவே எழுந்து அவித்துக் கொண்டுவந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் சாப்பிடுவோம். மாசி மாதத்துக் குளிர் காற்றில் அது ஆறிப்போயிருக்கும். அந்தச் சாப்பாடு மட்டும்தான் அந்த நாட்களில் எனக்கு வாய்க்குப் பிடித்தது.

பதினோராம் நாள் தோல் சிவந்து எரியத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போவோம் என்று மச்சாள் சொன்னார். நான்தான் பிடிவாதமாக மறுபடி ஓவியக் கூடத்துக்குப் போக வேண்டுமென்றேன். மூன்றாவது அறையில் கால்கள் தளர்ந்தன. கண் இருண்டது. மச்சாள் என்னைத் தாங்கிப் பிடித்தார். அந்த அறையைக் காவல் காக்கும் முதியவர் விரைந்து வந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு மடக்கு ஸ்டூலை விரித்து என்னை உட்கார வைத்தார். பிறகு தன் நாற்காலியையும் தூக்கி வந்து மச்சாளுக்குக் கொடுத்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள், இந்தப் படம் நன்றாகத் துணையிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய், தான் நின்றுகொண்டார்.

எங்களுக்கு முன்னால் ஒரு சிறிய படம். ஒரு வீட்டின் பின்முற்றம், செங்கல் தரை, ஒரு பெண் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி வருகிறாள். அவ்வளவுதான். மச்சாள் நெடுநேரம் அதைப் பார்த்தார். என் கையை அவர் விடவில்லை.

"மச்சாள், அண்டைக்கு மண்டபத்திலை நான் செய்தது பிழை" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம், பிழைதான்" என்றார். பிறகு, "ஆனால் நீர் என்னைத்தானே மறிச்சனீர். பிள்ளை ஒண்டும் செய்யேல்லையே. ஒன்பது வருஷமா நான் அவளைப் பாக்க வரேல்லை. அது என்ரை பிழை."

அவர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். கையிலிருந்த டிஷ்யூ ஒன்றே ஒன்றுதான். அதைக் கிழித்துப் பாதி பாதியாக எடுத்துக்கொண்டோம்.

கடைசி நாள் மச்சாள் உளுந்து வடை சுட்டுக் கொண்டுவந்தார், பாதி ஆஸ்பத்திரியில் எனக்குச் சிகிச்சை செய்த பிள்ளைகளுக்கு, பாதி அந்தக் காவலாளருக்கு. கூடத்துக்குள் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்பதால், அவருடைய இடைவேளை வரும்வரை வெளியே படியில் காத்திருந்தோம். அவர் வந்து பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். தன் மனைவிக்கும் ஒன்று எடுத்துவைப்பதாகச் சொன்னார். அவர் பெயரைக் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு நாற்காலியையும் ஒரு மணி நேரத்தையும் எங்களுக்குக் கொடுத்தவர் அவர். அதற்கு வடை ஈடாகுமா என்று இன்றும் நினைப்பேன்.

இந்த நகரம் எனக்கு விசா தந்தது, வேலை தந்தது, வைத்தியம் தந்தது. அவற்றுக்கெல்லாம் படிவம் நிரப்பினேன், வரிசையில் நின்றேன். அந்த மூன்று வாரமும் அது தன் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் நீ என்று கேட்காமல் உள்ளே விட்டது. அதற்கு நான் நன்றி சொல்ல நினைத்தால் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

சித்திரை விடுமுறைக்கு மகள் வந்தாள். மச்சாளைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "மாமி, யூ காட் ஸோ ஸ்மோல்" என்றாள். நான் சின்னதாகவில்லை, நீதான் வளர்ந்துவிட்டாய் என்றார் மச்சாள். மூவரும் படகில் கிரீனிச்சுக்குப் போனோம். கோபுரப் பாலத்தின் கீழே படகு போனபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மச்சாள் மட்டும் என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரீனிச்சில் வான் ஆராய்ச்சிக் கூடம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. நான் எங்கும் நிற்காமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது ஆறும் நகரமும் வெயிலில் கிடந்தன. பாதி வழியில் மச்சாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, மகள் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வந்து சேரும்வரை புல்லில் துணியை விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.