சுண்ணாம்புச் சத்து

என் தம்பி வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரினவன். ஊருக்குள் செல்போன் வந்த புதிதில் அவனுக்குக் கால் வீங்கியது. கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். இராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கூடப் போனது நான்தான்.

எக்கோ எடுத்துப் பார்த்து டாக்டரம்மா சொன்னார். "இதயச் சதை சுருங்குறதுக்குக் கால்சியம் வரணும். விரியுறதுக்கு அது திரும்பிப் போகணும். இவருக்குச் சரியாப் போகலை."

"கால்சியம்னா என்னம்மா?" என்றான் தம்பி.

"சுண்ணாம்புச் சத்து."

மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். பஸ்ஸில் அவன் முகம் தெளிந்திருந்தது.

"இதுக்கா மதுரைக்கு வந்தோம்? சுண்ணாம்பு நம்மகிட்ட இல்லாததாண்ணே?"

அன்றிலிருந்து வெற்றிலையில் சுண்ணாம்பை வழித்து வழித்துத் தடவினான்.

"வாய் வெந்துரும்லே."

"நெஞ்சு நல்லாருந்தாப் போதும்ணே."

உப்பில்லாக் கஞ்சியை மட்டும் முகம் சுளித்துக் குடித்தான். அளத்து ஆளுகளிடம் சொல்லிவிடாதே என்பான்.

அடுத்த தடவை டாக்டரம்மா அவன் நாக்குப் புண்ணைப் பார்த்துக் கேட்டார். சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சத்துக் குறைச்சல் இல்லைய்யா. சதைக்குள்ள வந்தது வெளியேறாம நிக்கிது."

"பாத்தியில தண்ணி வடியாமக் கெடக்குற மாதிரியா?"

"அப்படித்தான்."

"மடையை யாரும்மா அடைச்சது?"

அவர் யோசித்துச் சொன்னார். அந்தச் சத்தை இறைத்து அனுப்பச் சதைக்குள்ளே மோட்டார் மாதிரி ஒன்று இருக்கிறது. அந்த மோட்டாரை உண்டாக்கச் சொல்வது மரபணு. இதயம் தளர்ந்தால் அந்தச் சொல் குறைந்துபோகும். கருவில் இருந்தபோது எப்படி வேலை செய்ததோ, அந்தப் பழைய முறைக்கு இதயம் திரும்பிவிடும்.

"அதை மாத்த மருந்து இருக்கா?" என்றேன்.

"மூச்சுத் திணறலைக் குறைக்க இருக்கு. இதைத் திருப்ப இன்னும் வரலை."

திரும்பும்போது பஸ் பரமக்குடி தாண்டியதும் சொன்னான்.

"நான் ஆத்தா வயித்துக்கே திரும்பிப் போறேன் போலண்ணே."

"பேசாம வாலே."

"அங்கன உப்பு வார வேண்டியதில்லை."

வெற்றிலையை விட்டான். புண் ஆறியது. மூச்சு ஆறவில்லை. படுக்க முடியாமல் சாக்கு மூட்டையில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பான். உப்பு நன்றாக விளைந்த கோடையில், சாய்ந்தபடியே போய்விட்டான்.

தூக்குவதற்கு முன்னால், அவனுக்குப் பிடிக்கும் என்று யாரோ வெற்றிலை மடித்துக் கொண்டுவந்தார்கள். வாங்கிப் பிரித்தேன். சுண்ணாம்பைத் துண்டில் துடைத்துவிட்டு அவன் கையில் வைத்தேன்.