டிரம் கழுவிய தண்ணீர்

பிள்ளைகளே, நான் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் தண்ணீர் பிடித்துவைக்க அங்கிருந்து தோலுக்குப் போடும் ரசாயன மருந்து வந்த ஒரு காலி டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் குடிக்கும் தண்ணீராயிற்றே என்று சோப்புத்தூள் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவிய தண்ணீரைத் தெருப் பள்ளத்தில் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவின் சினை ஆடு அதைக் குடித்து, நுரை தள்ளி விழுந்தது.

"ஏன் தம்பி, ஒம் புள்ளைக்கு ஆகாதுன்னு கழுவி ஊத்துன தண்ணி என் ஆட்டுக்கு மட்டும் ஆகுமா?" என்று அக்கா அழுதார்.

மகள் என்னையே பார்த்தாள். நான் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆடு பிழைத்தது. வயிற்றுக் குட்டி தங்கவில்லை.

இப்போதெல்லாம் ஷாப்பில் டிரம் காலியானதும் அடியில் ஓட்டை போட்டுவிடுகிறேன். ஓட்டை டிரம்மை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ மாட்டார்கள்.