செல்லாத கை

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது எங்கள் வீட்டு உழவுமாடு இரண்டையும் நான் விற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பத்தமடைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குத்தகைக்கு வயல் எடுத்து உழுதுவந்தார். வெள்ளைக் காளையும் செவலைக் காளையும் கன்றாக இருந்தபோதே என் கையில் புல் தின்று வளர்ந்தவை. மாட்டுத் தரகர் ஒருவர் அவற்றின்மேல் கண் வைத்து நடையாய் நடந்தார். நல்ல விலையும் சொன்னார். அவரைத் தட்டிக்கழிக்க அப்பா ஒருநாள், தெருவில் நாலு பேர் நிற்கையில், "வெலையெல்லாம் சரிதான் வே. ஆனா மாடு என் மகளுக்குள்ளது. அவ தந்தா பிடிச்சிட்டுப் போம்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்கு அந்த வாய்த்துடுக்கு எப்போதும் உண்டு. எனக்கும் அதுதான் வந்திருக்கிறது.

தரகர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா ஒரு சாவுக்காக ஸ்ரீவைகுண்டம் போயிருந்த காலையில், அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, "தாயி, உங்க காளை ரெண்டையும் எனக்குத் தருவியளா? வெலைக்கு அப்பா சம்மதம் சொல்லிட்டாவ" என்று கேட்டார்.

என்னை அதுவரை எவரும் 'தருவியளா' என்று கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றிலை பாக்கின்மேல் ஒரு வெள்ளி ரூபாயை வைத்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் மாட்டுக்காரர் வெற்றிலை வாங்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிப் பிடித்துப் போவதுதான் பாக்கி. இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் காளைகள் நினைவுக்கு வரவில்லை, அந்தத் 'தருவியளா'தான் காதில் நின்றது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா வந்து பார்த்தபோது என் வாய் சிவந்திருந்தது.

"ஏட்டி, ஏது வெத்தல?"

சொன்னேன். ஈரச் சேலையோடு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால்வாயில் தண்ணீர் விட்டாகிவிட்டது, பிசான நெல்லுக்கு உழவேண்டும். மாடு போனால் வயல் தரிசு. தரிசு போட்டால் நிலக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். எங்களுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுதுகொண்டே தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். மாமா வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா.

தரகர் புதுக்கயிற்றோடு வந்தபோது அப்பாவும் திரும்பியிருந்தார், மாமாவும் வந்திருந்தார். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அப்பா தொழுவத்தை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, பேச்சு மாறாதிய. இந்த மாட்டத் தாரேன்னு கரிசக்காட்டு ஆளுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். உங்க மக வெத்தலயத் தின்னே போட்டுட்டா. மாட்ட அவுக்காட்டா கோர்ட்டுக்குத்தான் போவேன்" என்றார் தரகர்.

நாலு பேர் கேட்கச் சொன்ன சொல்லை அப்பா எப்படி இல்லையென்பது? உள்ளே செவலை கத்தியது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா பைய எழுந்து வந்தார்.

"மாடு யாருக்குள்ளது வே?"

"இந்தப் பிள்ளைக்குள்ளது. அவரே சொன்னாரு, நாலு பேரு சாட்சி."

"அப்போ வித்தது இவதான், இவ அப்பா இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கு? இவதான் வித்தா!"

மாமா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவளுக்குப் பால்பல்லே முழுசா விழல. பதினெட்டு வயசு ஆகாத பிள்ள பண்ணுத ஒப்பந்தம் செல்லாது. கல்கத்தாக்காரன் ஒருத்தன் வழக்கு சீமை வரைக்கும் போயி அப்படித்தான் தீர்ப்பாயிருக்கு. வெத்தல வாங்கின இந்தக் கை செல்லாத கை வே. இப்போ போம், கோர்ட்டுக்கு!"

தரகர் ரூபாயைத் திரும்ப வாங்கி மடியில் முடிந்துகொண்டு, கயிற்றைத் தோளில் போட்டு நடந்தார். 'மகள் தகப்பனுக்காகத்தான் வாங்கினாள்' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்று, சாப்பிடும்போது மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு அப்போதுதான் சோறு இறங்கியது. காளைகள் தப்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஊர் கூடிய இடத்தில் என் கையைச் செல்லாத கை என்று சொல்லிவிட்டாரே! இரண்டு நாள் நான் மாமாவோடு பேசவில்லை.

மாசியில் அறுப்பு முடிந்தது. அந்தக் காளைகள் உழுத வயல் நன்றாகவே விளைந்திருந்தது. ஒரு நல்ல நாளில் வீட்டில் பாய் விரித்து, அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பையனை நான் பார்த்ததேயில்லை. ஒரு அம்மாள் என் தலையில் பூ வைத்து, வெற்றிலைத் தட்டை என் முன்னால் நீட்டினாள். என் பால்பல் ஒன்று அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கையை நீட்டாமல் அவரையே பார்த்தேன். இதோ எழுந்து வருவார், இவளுக்கு என்ன வயசு என்று கேட்பார், வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன்.

"வாங்கிக்கோ ஏட்டி, எல்லாரும் பாக்காவல்லா" என்றார் மாமா.

வாங்கிக்கொண்டேன். தருவியளா என்று இந்தத் தடவை என்னை யாரும் கேட்கவில்லை. அத்தனை சட்டம் தெரிந்த மாமா அன்றைக்கு அதை மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.