வேட்டியில் கிடைத்த நட்சத்திரங்கள்

கடலடியில் கிடக்கும் தந்திக் கம்பிகளைத் தூக்கிப் பழுதுபார்க்கும் கப்பலில் என் அண்ணன் சமையல்காரன். மொரீசியஸ் சுதந்திரம் அடைவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, காவடி விரதம் தொடங்கிய வாரத்தில், கம்பியோடு ஆழத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பொருளை அந்தத் தீவின் தலைநகரில், டிராங்கெபார் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முழங்கை நீளம், பின்னிய கூடை போன்ற உருவம். தன் காவடியின் உச்சியில் அதைக் கட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

நான் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா காரியத்தை முடித்திருந்தாள். விரத வீட்டில் மீன் வாடை அடிக்கலாமா? துணி வெளுக்கும் ஜவெல் தண்ணீரில் அதை ஊறப்போட்டுவிட்டாள். சதையெல்லாம் கரைந்து, வெள்ளைக் கண்ணாடி எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியிருந்தது.

"பாருடி, இப்ப வாடையே இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் படம் வரைவது என் வேலை. கண்ணாடிக் கடற்பஞ்சு என்ற இந்தக் கடல்பிராணியை அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

"அம்மா, இது பூ இல்ல. உசுரோட இருந்த பிராணி."

"அய்யோ மோ போந்தியே, கடவுளே! செத்த பிராணிய முருகனுக்குக் கட்டுறதா?"

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்படின்னா நீயே எடுத்துக்க, தங்கச்சி" என்றான். இப்படித்தான் அது என் கைக்கு வந்தது.

மறுநாள் அருங்காட்சியகத்தில் எங்கள் தலைமை அதிகாரி புத்தகங்களையெல்லாம் புரட்டினார். அந்தக் கூட்டின் பின்னல் எதிலும் இல்லை. புது இனமாக இருக்கலாம். ஆனால் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வதற்குச் சதையில் புதைந்திருக்கும் மிக நுண்ணிய கண்ணாடி முட்கள் வேண்டும். அவைதான் போய்விட்டனவே! அடுத்த கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவோம், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

மற்றவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளுக்குப் படம் போட்டுப் போட்டு எனக்கு அலுத்திருந்தது. இந்த ஒன்றையாவது நானே எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கப்பல் வருவதற்குள் அந்த முட்களைக் கண்டுபிடித்தால் எழுதலாம் என்றார். வீட்டுக்கு ஓடினேன். ஊறவைத்த தண்ணீர் எப்போதோ சாக்கடைக்குப் போயிருந்தது.

இரண்டொரு நாளில் அண்ணனுக்கு அரிப்பு எடுத்தது. கோயிலில் மாலைப் பூசையின்போது எல்லோரும் கைகூப்பி நிற்க, இவன் மட்டும் இடுப்பையும் தொடையையும் சொறிந்துகொண்டு நின்றான். அம்மாவுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு. கப்பல்ல மீன் தின்னு விரதத்த முறிச்சியா? முருகன் சும்மா விடுவாரா?"

"சத்தியமா இல்லம்மா! இந்த வேட்டியக் கட்டினாத்தான் அரிக்குது."

"நல்லாத் தொவச்ச வேட்டிதானேடா. அந்த ஜவெல் தண்ணிய வீணாக்குவானேன்னு அதையும் அதுலதான் முக்கினேன்."

நான் துள்ளி எழுந்தேன். "அண்ணே, வேட்டியக் கழட்டுங்க!"

அவன் கால்சட்டைக்கு மாறும்வரை பொறுப்பதே பெரும்பாடாக இருந்தது. வேட்டியைச் சுத்தமான தண்ணீரில் அலசி, தெளியவைத்து, அடியில் தங்கிய வண்டலைப் பாட்டிலில் எடுத்துப்போனேன். நுண்ணோக்கியின் கீழே, பஞ்சு நூல்களுக்கு நடுவே, ஆறு கை விரித்த குட்டி நட்சத்திரங்களாக அந்தக் கண்ணாடி முட்கள் மின்னின. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்தபின் கூட்டையும் மறுபடி துழாவினேன். அதன் ஒரு மூலையில் அதே நட்சத்திரம் ஒன்று சிக்கியிருந்தது. தலைமை அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு தம் நாற்காலியை என் பக்கம் தள்ளி, உட்கார்ந்து எழுது என்றார்.

எழுதினேன். முட்கள் எதிலிருந்து எடுக்கப்பட்டன என்ற இடத்தில், வேட்டியிலிருந்து என்றே எழுதினேன். அவர் சிரித்தார், ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை. கடற்பஞ்சு கப்பலேறவும் இல்லை.

அச்சான தாளை விரத வீட்டுக் கூடத்தில், அடுத்த வருடக் காவடிக்கு முன்பு, அம்மாவின் மடியில் வைத்தேன். தலைப்புக்குக் கீழே என் பெயர் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நட்சத்திரப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதானே அவனச் சொறிய வெச்சது?"

"ஆமாம்மா."

"பாவம், எம்புள்ளையச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். பிறகு விரலை மெல்ல மேலே நகர்த்தினாள். "இதுல உன் பேரு எங்கடி இருக்கு?"