காடு என்று சொன்ன நிலம்

ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்னப் பல்கலைக்கழக ஊரில் தெருவில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. மூன்று வருடமாக என்னோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் எதிர்வீட்டுக்காரர் கையிலிருக்கும் சாவியைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து போவார். அதே மனிதரை ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்குள் பார்த்தால் தொப்பியைத் தொட்டு, பல் தெரியச் சிரித்து, "குட்டன் டாக்" என்கிறார். மறுநாள் படிக்கட்டில் மறுபடியும் சாவி. என்மேல் ஏதோ கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்த பிறகு தெரிந்தது, காட்டுக்குள் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்வது இங்கே பழக்கமாம். காட்டுக்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை, தனி முகம் வைத்திருக்கிறார்கள். மரங்களும் வரிசை பிசகாமல், இடுப்பில் பெயிண்ட்டால் எழுதிய எண்ணோடு நிற்கின்றன. இவர்களுக்குக் காடு என்றால் "வால்ட்", பயிர் வைக்கும் நிலம் என்றால் "ஃபெல்ட்". ஒன்றைச் சொல்ல நினைத்து மற்றதைச் சொல்லும் ஆபத்தே இங்கே கிடையாது.

எங்களுக்கு இரண்டும் காடுதான். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். என் அண்ணன் கோவிந்தன் "காட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்றால் சாமை விதைத்த நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். ஏர் ஓடும் இடம் உழவுக்காடு. ஏர் ஓடாத சரிவில் கையால் கொத்தி விதைக்கும் இடம் கொத்துக்காடு. கொத்துக்காட்டில் இரண்டு மூன்று வருடம் சாமை எடுத்துவிட்டுப் பிறகு சில வருடம் ஆறப் போட்டுவிடுவோம். அந்தச் சமயத்தில் அதில் புதர் மண்டும், உண்ணிச்செடி ஏறும். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ அழித்துப் போட்ட காடு என்று நினைப்பார்கள். அப்படி ஆறப் போட்ட மூன்று ஏக்கர் எங்களுக்கு உண்டு, பட்டா அண்ணன் பேரில். வேறு பெரிய நிலம் கிடையாது. அந்த மூன்று ஏக்கரில் இனி அவர் ஒரு கொத்துக்கூடப் போட முடியாது. அதற்குக் காரணம் நான்.

இதை இப்போது எழுத வேண்டி வந்தது ஊர்ப் பிள்ளைகளால். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து அடிக்கடி எனக்குச் செய்தி வருகிறது. "அக்கா, ஜியாகிரபி படிச்சா ஃபாரின்ல ஸ்கோப் இருக்கா? என்விரான்மெண்ட் பாலிசி எடுக்கலாமா?" எனக்கு இப்படிக் கேட்க அக்கா யாரும் இருக்கவில்லை. தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கும் காவலூர் வானாய்வுக்கூடம் பக்கத்தில் இருந்ததால், வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் உண்டு என்பது சின்ன வயதிலேயே தெரியும். தரையைப் பார்ப்பதற்கும் சம்பளம் உண்டு என்று தெரிய எனக்கு இருபது வயதானது. கல்லூரியில் கேட்ட பாடமெல்லாம் நிரம்பிவிட்டதால் கிடைத்ததுதான் புவியியல். சேர்க்கைக்காகப் போளூரில் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜியாகிரபியா? அத்தப் படிச்சா இன்னா வேல குடுப்பாங்கமா?" என்றார். தெரியவில்லை என்றேன். "மேப்பு விக்கலாம்" என்று அவராகவே ஒரு வழி சொன்னார். மனிதர் கேலிக்குத்தான் சொன்னார், ஆனால் கடைசியில் நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

பிள்ளைகளே, வேலை இருக்கிறது. இல்லையென்று சொன்னால் அது பொய். செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை வகை பிரிக்கலாம். எங்கே மரம் நடலாம், எங்கே வெள்ளம் வரும் என்று அரசாங்கங்களுக்கு அறிக்கை எழுதலாம். உதவித்தொகையோடு முனைவர் பட்டம் கிடைக்கும், அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் பணியும் கிடைக்கும். ஆனால் எல்லாமே ஒப்பந்தம். ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கு மேல் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். விசாவும் அந்த ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது. மாதாமாதம் விளம்பரங்களைத் துழாவுவதும், என்னைப் பற்றி நானே பெருமையாக ஒரு பக்கம் எழுதுவதும் எனக்கு இரண்டாவது தொழில். அந்தப் பெருமைப் பக்கத்தில்தான் முதலில் சறுக்கினேன்.

விண்ணப்பக் கடிதத்தில் "எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் காடு இருக்கிறது, அதில் உழைத்துத்தான் வளர்ந்தேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினேன். காடு என்ற இடத்தில் ஃபாரஸ்ட் என்று போட்டேன். ஏமாற்றும் எண்ணமே இல்லை, வாயில் இருந்த சொல் அப்படியே கைக்கு வந்துவிட்டது. கணினித் திரையில் நேர்காணல். ஆராய்ச்சிக் குழுவின் தலைவி கிளாரா, ஐம்பது வயதுக்காரர், முகம் மலர்ந்துபோய்க் கேட்டார்: "உங்கள் குடும்பம் அந்தக் காட்டைப் பாதுகாக்கிறதா?" ஆமாம், ராத்திரி பகல் பாராமல் காவல் இருப்போம் என்றேன். காட்டுப்பன்றி சாமையை மேய்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்தது. இங்கே வந்து சேர்ந்த முதல் நாள், துறையின் செய்தி மடலில் என் படத்துக்குக் கீழே, காடு காக்கும் குடும்பத்தின் மகள் என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் திட்டம், தமிழ்நாட்டு மலைகளில் மரம் நடத் தகுந்த நிலங்களை வரைபடமாக்குவது. மரங்கள் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் கார்பனுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் விலை கொடுக்கும். வரைபடத்தில் காடு, விவசாய நிலம், நலிந்த காடு என்று வகைகள் இருந்தன. ஆறப் போட்ட நிலத்துக்கு வகையே இல்லை. எங்கள் மலையின் கொத்துக்காடுகளைக் கணினி மொத்தமாக நலிந்த காட்டில் தள்ளியது. கூட்டத்தில் எழுந்து, இது பயிர் நிலம், ஓய்வில் இருக்கிறது என்று சொன்னேன். கிளாரா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சூப் வைத்து எடுத்துவந்தவர். அவர் குழப்பத்தோடு என் விண்ணப்பக் கடிதத்தைத் திறந்து காட்டினார். "செல்வி, நீங்களே இதை ஃபாரஸ்ட் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் மொழியிலும் அதற்கு அந்தப் பெயர்தானே?" என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அறையில் ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்தார்கள். "யா, ஷோன்" என்றேன். அட, ஆமாம்தான் என்று அதற்கு அர்த்தம். வரைபடம் என் பெயரோடு வெளியானது. ஒப்பந்தமும் ஒரு வருடம் நீண்டது.

இந்த ஆடிக்கு முன்னால் ஒரு மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் ஊரில் டவர் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும். அவர் அங்கே ஏறி நின்றுகொண்டு பேசினார், நான் அலுவலகச் சமையலறையில் காபிக் கோப்பையோடு நின்றேன்.

"பாப்பா, ஜீப்புல ஆளுங்க வந்தாங்க. உன் மேப்ப எடுத்துக்கினு வந்தாங்க."

"இன்னாண்ணா கேட்டாங்க?"

"நம்ம கொத்துக்காட்டக் காட்டி, இது காடான்னு கேட்டாங்க. காடுதாங்கன்னேன். வேற இன்னான்னு சொல்றது? மரம் வெச்சுக் குடுக்கறோம், கையெழுத்துப் போடுங்கன்னாங்க."

"படிச்சுப் பாத்தியா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு. அடியில உன் பேரு இருந்துச்சு. அத்தப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன். அவரே மறுபடியும் கேட்டார். "இந்த வருசம் கொத்திச் சாம போடலாம்னு இருந்தேன். மரம் பெருசாவற வரைக்கும் கொத்தவே கூடாதுன்றாங்களே, நெசமா பாப்பா?" நிஜம்தான் என்று சொன்னேன். சரி, அப்படின்னா ஓசூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன் என்றார். அவருக்கு நாற்பத்தாறு வயது. இதுவரை மலையை விட்டு வேலைக்குப் போனதில்லை. கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏதோ ஒன்று திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே உட்கார்ந்து திருத்தக் கடிதம் எழுதினேன். காடு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் உள்ள இரண்டு பொருளையும் விளக்கி, என் விண்ணப்பத்தில் இருந்த தவறையும் ஒப்புக்கொண்டு, கிளாராவுக்கும் மரம் நடும் அமைப்புக்கும் அனுப்பினேன். பதில் மரியாதையாகவே வந்தது. களச் சரிபார்ப்புக் கோப்புகள் எனக்கே வரும், வரைபடத்துக்கும் களத்துக்கும் முரண் இருந்தால் அதில் பதிவு செய்யலாம் என்றார்கள். கிளாரா என் அறைக்கு வந்து தோளைத் தட்டினார். அடுத்த கட்டத்துக்கு உள்ளூர் அறிவு ஆலோசகர் என்று புதிய பதவி வரப்போகிறது, உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார், உங்கள் குடும்பத்துக்கும் இது பெருமை அல்லவா என்றார். என் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், விண்ணப்பித்தேன். உள்ளே இருந்தால் எதையாவது மாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. திரும்பிப் போனால் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்ன வேண்டும், தின்பதற்கு அந்த நிலத்தில் இனி எதுவும் விளையப்போவதில்லை. பிள்ளைகளே, ஸ்கோப் எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

போன வாரம் அண்ணன் ஓசூரிலிருந்து பேசினார். பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தம். "அன்னைக்கு ஜீப்புல வந்தவங்க என்ன நிக்கவெச்சு போட்டோ எடுத்தாங்க. உங்க தங்கச்சிக்குத்தான் போவும்னாங்க. வந்துச்சா?" அன்று காலைதான் வந்திருந்தது. வந்துச்சுண்ணா, நல்லா இருக்கு என்றேன். புதர் மண்டிய நிலத்தின் நடுவில், கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில், கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. நிபுணர்: மு. செல்வி, நலிந்த காடு. உள்ளூர்வாசி: மு. கோவிந்தன், காடு. அப்பா பெயரின் அதே முதலெழுத்து இரண்டு வரியிலும் இருந்தது. நான் என் வரியை அழித்துவிட்டுப் பயிர் நிலம் என்று மாற்றினேன். உடனே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. நிபுணரும் உள்ளூர்வாசியும் முரண்பட்டால் உள்ளூர்வாசியின் சொல்லே செல்லும் என்றது. வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஜனங்களின் வார்த்தையை மதிப்பதில்லை என்று முதல் வருடம் சண்டை போட்டு அந்த விதியைச் சேர்க்கவைத்தது நான்தான். என் பெயர் இருந்த வரி சாம்பல் நிறமாக மங்கியது. அண்ணன் பெயர் மட்டும் கறுப்பாக, காடு என்ற சொல்லோடு அப்படியே நின்றது.